வழிவிட்டாரா, வேகம் போச்சா?

கோத்தகிரி நண்பரே, ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் அணி சொல்லி ஓட்டுநர் வழிவிட்டாரா என்று சுற்று நேரத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டீங்க. முன்னால் போனவர் ஒரு சுற்றில் 1.5 நொடி இழந்ததை மட்டும் வைத்து, சக ஓட்டுநருக்கு வழிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. எங்கே இழந்தார்? மூன்று செக்டாரிலும் (சுற்றைப் பிரிக்கும் மூன்று பகுதிகள்) கொஞ்சம் கொஞ்சமாக நேரம் போயிருந்தால் டயர் தேய்மானமாக இருக்கலாம். நேர்ப்பாதையில் மட்டும் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் பேட்டரி சார்ஜ் ஏற்றும் சுற்றும் இப்படித்தான் தெரியும். அடுத்த சுற்றிலேயே பழைய நேரத்துக்குத் திரும்பினாரா பாருங்க, அதுதான் நல்ல துப்பு.

பிட் வரிசையையும், அதாவது டயர் மாற்ற யாரை முதலில் உள்ளே அழைக்கிறாங்க என்பதையும், விடாதீங்க. பின்னால் இருப்பவரை முதலில் அழைத்தால் புது டயரிலேயே முந்திவிடலாம், ரேடியோவில் ஒரு வார்த்தை தேவையில்லை. மலைச் சிக்னலில் நேரலை டைமிங் திக்கும். உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பிறகு வெளியிடும் சுற்று நேரங்களை எடுங்க.

தண்டனையை எதிர்பார்க்காதீங்க. 2010-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், அப்போது தடை இருந்தும் வழிவிடச் சொன்னதற்காக ஃபெராரி அணிக்கு 1,00,000 டாலர் அபராதம் விழுந்தது உண்மை. ஆனால் அணி உத்தரவுக்கான அந்தத் தடையே 2011 முதல் இல்லை.