பிக்கப் சூடாகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோயம்பேட்டில் சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பைபாஸில் ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஓட்டத்தில் காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். எனவே சந்தேகம் ஃபேன் மீதுதான். விஸ்கஸ் கிளட்ச் (சூட்டுக்கேற்ப ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும் பாகம்) உள்ள வண்டியானால், சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தீர்ந்துவிட்டது. பெல்ட்டையும் பாருங்கள். நேர்மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

ரேடியேட்டரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தினமும் அரை லிட்டர் குறைகிறது. தரையில் சொட்டு இல்லை. என்ன காரணம்? (அம்பத்தூர்)

எந்த வண்டி, எந்த ஆண்டு, புகை என்ன நிறம்? ஒன்றையும் எழுதாமல் காரணம் மட்டும் கேட்கிறீர்கள். முதலில் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. அது சரி என்றால் பிரஷர் டெஸ்ட்: சுமார் 1 பார் ஏற்றி கால் மணி நேரம் விட வேண்டும். வெளியே ஈரமில்லாமல் அழுத்தம் இறங்கினால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) பக்கம் போங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் அதே கதைதான். அரை லிட்டர் சிறிய அளவல்ல, லோடு ஏற்றாதீர்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி.

‘சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை’ என்று மெக்கானிக் கழற்றிவிட்டார். சரிதானே? (பூந்தமல்லி)

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குத்தான் முள் ஏறுகிறது. வெளியே 40 டிகிரி இருந்தாலும் 25 இருந்தாலும் இன்ஜின் கேட்பது 85, 90 டிகிரிதான். அந்தச் சூட்டுக்கு விரைவாக வந்து அங்கேயே நிற்கத்தான் தெர்மோஸ்டாட் என்ற வால்வு. கழற்றினால் இரவு ஓட்டத்திலும் காலி வண்டியிலும் இன்ஜின் போதிய சூட்டுக்கு வராது. டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும், ஆயிலில் கசடு சேரும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைச் சுற்றிப் போகாத பைபாஸ் வழியை மூடும். அதைத் தூக்கிப் போட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். முழு லோடில் மேம்பாலம் ஏறும்போது முன்பைவிட அதிகம் சூடாகும். அடைத்த ரேடியேட்டரையும் தேய்ந்த வாட்டர் பம்ப்பையும் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கையில் எடுக்கும் வித்தை இது.

பழையதைப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் கொதிக்க வையுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே டிகிரியில் புதியது வாங்குங்கள். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் வண்டிக் கதவு வாங்கலாம், பழைய தெர்மோஸ்டாட் வேண்டாம். மாட்டிய பின் கூலண்ட் வழியில் சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

ஜி.எஸ்.டி. சாலையில் கொதித்தது. உடனே மூடியைத் திறந்து குளிர்ந்த நீர் ஊற்றினேன். கையில் கொப்புளம். வேறு என்ன செய்திருக்கலாம்?

சும்மா இருந்திருக்கலாம். அழுத்தத்தில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் பொங்கிச் சீறும். சூட்டில் மூடியைத் தொடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் அடைபடுமாமே?

வீடு வந்து சேரும் வரை அடைபடலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும்.

இடப்பக்க மிதியடி ஈரமாக இருக்கிறது, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம். ஏசி நீரா?

வெறும் நீரென்றால் ஏசி வடிகுழாய். வழவழப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். சென்னையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் இன்ஜின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொல்லுங்கள்.