திரையில் சரி, தாளில் பிழை: ஆட்டோகேட் வரைபடம் அச்சாகும்போது எழும் கோளாறுகள்

கேள்வி: வீட்டு வரைபடங்களை ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் மில்லிமீட்டர் அலகில் வரைகிறேன். திரையில் எல்லாம் சரியாகவே தெரிகின்றன. கோப்பை அச்சுக் கடைக்கு அனுப்பி ஏ1 தாளில் எடுத்தால், சுவர்க்கோடும் அளவுக்கோடும் ஒரே தடிமனில் வருகின்றன. உத்தரத்தைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோடு முழுக்கோடாகிவிடுகிறது. சில எழுத்துகள் தாளில் இல்லை. தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாக மாறுகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1:100 பொருந்தவில்லை. திரையிலும், பெரிதாக்கிப் பார்க்கும்போது வட்டங்கள் பலகோணங்களாகத் தெரிகின்றன. கணினியில் பழுதா?

பதில்: கணினியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. திரையில் கோடு தெரிவதை ஆளும் அமைப்புகள் வேறு, தாளில் அது விழுவதை ஆளும் அமைப்புகள் வேறு. அச்சுக்கான அமைப்புகளில் சில வரைபடக் கோப்புக்குள் இருப்பதே இல்லை. அவை உங்கள் கணினியில் தனிக் கோப்புகளாகத் தங்கிவிடுகின்றன. கடைக்குப் போனது வரைபடம் மட்டும்தான்.

தடிமன் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் வரைவாளர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பல அலுவலகங்களில் சிவப்புக்கு மெல்லிய கோடு, மஞ்சளுக்குத் தடித்த கோடு என்று நிறத்தை வைத்தே தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். இந்த நிறம்–தடிமன் அட்டவணை சிடிபி என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. வரைபடத்தில் பதிவாவது அந்தக் கோப்பின் பெயர் மட்டுமே. கடைக்காரரின் கணினியில் அந்தக் கோப்பு இல்லையென்றால், ஒவ்வொரு கோடும் தன் லேயருக்கு, அதாவது ஒரே வகைக் கோடுகளைத் தொகுத்து வைக்கும் அடுக்குக்கு, கொடுத்த தடிமனில் அச்சாகும். லேயர்கள் எல்லாம் 'டிஃபால்ட்' என்று விடப்பட்டிருந்தால், மாற்றப்படாத நிலையில் அதன் மதிப்பு 0.25 மி.மீ. என்பதால், சுவரும் அளவுக்கோடும் ஒன்றுபோலவே வந்து நிற்கும். இதற்கு நான் பரிந்துரைக்கும் தீர்வு, தடிமனை நிறத்தில் வைக்காமல் லேயரிலேயே வைத்துவிடுவது: வெட்டப்பட்ட சுவருக்கு 0.50, கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக்கோட்டுக்கு 0.13 என்று கொடுத்துவிட்டு, மென்பொருளுடனேயே வரும் 'மோனோகுரோம்' சிடிபியைத் தேர்ந்தெடுங்கள். அது பொருளின் சொந்தத் தடிமனை அப்படியே ஏற்றுக்கொண்டு எல்லா நிறங்களையும் கறுப்பாக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் அச்சு மாறாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சிடிபி கோப்பு அறிந்தவை 1 முதல் 255 வரை எண்ணிட்ட நிறங்கள் மட்டுமே. 'ட்ரூ கலர்' பகுதியிலிருந்து எடுத்த நிறம் அதன் ஆட்சிக்கு வெளியே இருப்பதால், மோனோகுரோம் தேர்ந்தெடுத்த பிறகும் அந்தக் கோடு தன் நிறத்திலேயே அச்சாகும். உங்கள் எழுத்துகள் காணாமல் போவதற்கும் இது காரணமாகலாம். கறுப்புத் திரையில் நன்றாகத் தெரிகிறதே என்று ட்ரூ கலர் வெள்ளையைக் கொடுத்திருந்தால், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துதான் விழும். எண் 7 என்ற நிறமோ கறுப்புத் திரையில் வெள்ளையாகத் தெரிந்தாலும் தாளில் கறுப்பாகவே வரும். வெள்ளை வேண்டுமிடத்தில் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். நிறம் காரணமில்லை என்றால் அந்த எழுத்து எந்த லேயரில் இருக்கிறது என்று பாருங்கள். 'டெஃப்பாயின்ட்ஸ்' என்ற லேயரில் இருப்பது எதுவும் அச்சாகாது. மற்ற லேயர்களிலும் லேயர் பட்டியலில் உள்ள பிரிண்டர் குறி அணைக்கப்பட்டிருந்தால், திரையில் தெரிவது தாளுக்கு வராது.

உத்தரக் கோட்டுக்கு வருவோம். மெட்ரிக் கோட்டுவகைக் கோப்பில் 'ஹிட்டன்' என்ற விட்டுவிட்டு வரும் கோட்டின் ஒரு துண்டு 6.35 மி.மீ., இடைவெளி 3.175 மி.மீ. பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற மாறி 0 ஆக இருந்தால், இந்த அளவு கட்டடத்தின் அளவாகக் கொள்ளப்பட்டு, 1:100 வியூபோர்ட்டில் (தாளில் வரைபடத்தைக் காட்டும் சட்டகம்) நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். தாளில் ஒரு துண்டின் நீளம் 0.0635 மி.மீ. என்றால் கண்ணுக்கு அது முழுக்கோடுதான். அந்த மாறியை 1 ஆக்கினால் துண்டு தாளின் அளவிலேயே கணக்கிடப்படும்; கோட்டுவகைகளின் பொது அளவான எல்டிஸ்கேலை 1 அல்லது 0.5 என்று வைத்து, படத்தைப் புதுப்பித்துக் காட்டும் ரீஜென்ஆல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எல்டிஸ்கேலை 100 ஆக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. அதே தாளில் 1:20 விவரப்படம் ஒன்றை வைத்தவுடன் அந்தச் சமாளிப்பு உடைந்துபோகும்.

அளவு பொருந்தாமைக்குப் பெரும்பாலும் காரணம், படத்தைத் தாளுக்கேற்பப் பொருத்திவிடும் 'ஃபிட் டு பேப்பர்' என்ற ஒரு தேர்வு. லேஅவுட்டில், அதாவது அச்சுத் தாளை அமைக்கும் பக்கத்தில், வியூபோர்ட்டை 1:100 என்று அமைத்து, அதற்குள் உருப்பெருக்கம் தவறி மாறாதபடி பூட்டிவிடுங்கள். லேஅவுட்டை அச்சிடும் அளவு 1:1 ஆகவே இருக்கட்டும். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால், ஓரங்களுக்காகப் படம், எடுத்துக்காட்டாக, 97 விழுக்காடாகச் சுருங்கி, 6 மீட்டர் அறை 60 மி.மீ.க்குப் பதில் 58.2 மி.மீ. ஆகிவிடும். பார்வைக்குத் தெரியாத இந்தச் சிறு பிழைதான் தளத்தில் அளவுகோலை வைத்து அளப்பவரை ஏமாற்றுகிறது. ஏ1 தாளின் படத்தை ஏ3-இல் எடுக்கும்போதாவது பக்க அளவுகள் சரிபாதியாகி, 1:100 என்பது 1:200 ஆகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஆகவே ஒவ்வொரு தாளிலும் கோட்டு அளவுகோல் ஒன்றை வரைந்து வையுங்கள். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும்.

தமிழ்த் தலைப்பைப் பொறுத்தவரை, ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழுக்கென்று தனி எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கி, அதற்கு விண்டோஸில் உள்ள லதா அல்லது நிர்மலா யுஐ எழுத்துருவைக் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

வட்டம் பலகோணமாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். வேகத்துக்காக மென்பொருள் வளைவுகளைச் சிறு நேர்க்கோடுகளாகக் காட்டுகிறது. ரீஜென் கொடுத்தால் சீராகும், அச்சிலும் வட்டமாகவே வரும். கோடுகள் மினுங்குவதும் மறைவதுமாக இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு படத்தை வேகமாகக் காட்டும் வன்பொருள் முடுக்கத்தை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.

இனிமேல் கடைக்கு வரைபடக் கோப்பை அனுப்பாமல், உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் எடுத்து, அதைச் சரிபார்த்து அனுப்புங்கள். வரைபடக் கோப்பையே கேட்டால், ஈ-ட்ரான்ஸ்மிட் கட்டளை சிடிபி கோப்பையும் இணைப்புப் படங்களையும் சேர்த்துக் கட்டித் தரும்; எழுத்துருக்களைச் சேர்க்கும் தேர்வை நீங்கள்தான் குறியிட வேண்டும். 'உண்மை அளவில் அச்சிடவும்' என்று கடைக்காரருக்குத் தனியே எழுதி அனுப்புங்கள். முதல் தாள் வந்தவுடன், அங்கேயே நின்று, 900 மி.மீ. கதவு 9 மி.மீ. இருக்கிறதா என்று அளந்த பிறகு மற்றத் தாள்களை ஓட்டச் சொல்லுங்கள்.