டாவின்சி கோட் நாவலைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் குப்பை என்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான் அதைப் படிக்கலாமா? அதில் இருப்பது உண்மையா?

தாராளமாகப் படியுங்கள். நாவல் படிப்பது பாவம் இல்லை. உங்கள் கேள்வியைப் பார்த்தால், வீட்டில் பெரியவர்கள் யாரோ "அதைத் தொடாதே" என்று சொல்லியிருக்கிறார்கள், கூடப் படிக்கிறவர்கள் யாரோ "அதைப் படித்தால்தான் சபை மறைத்ததெல்லாம் தெரியும்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் பங்கில் பல வருடமாக உறுதிபூசுதல் வகுப்பு எடுக்கிறவள் நான். இந்த இரண்டு தரப்பிடமும் மாட்டிக்கொண்டு நிறையப் பேசியிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கருத்துகள் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது. டான் பிரவுன் 2003இல் எழுதியது இந்த நாவல். உலகம் முழுக்க 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் அதன் காப்பாளர் சுடப்படுகிறார். சாவதற்குள் தன் உடலையே லியோனார்டோ டாவின்சி வரைந்த மனித உருவம்போல வட்டத்துக்குள் கிடத்திக்கொள்கிறார். பக்கத்தில் ஃபிபோனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) வரிசை மாறி எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ராத்திரி தொடங்குகிற ஓட்டம் மறுநாள் லண்டன், ஸ்காட்லாந்து என்று போகிறது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், ஒவ்வொன்றும் ஒரு முடிச்சோடு நிற்கும். கீழே வைக்க மனசு வராது. எனக்கும் வரவில்லை. அதே புத்தகத்தைப் பிடிக்காதவர்கள் சொல்வதும் சரிதான். பாத்திரங்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, ஓடுகிற ஓட்டத்தில் நின்று நின்று வகுப்பு எடுக்கிறார்கள். வேகத்துக்காகப் படிக்கிறவருக்கும் மனிதர்களுக்காகப் படிக்கிறவருக்கும் ஒரே புத்தகம் ஒரே மாதிரி இருக்காது. இந்தச் சண்டை எல்லா விறுவிறுப்பு நாவலுக்கும் உள்ளதுதான்.

மற்றச் சண்டை வேறு. அதற்குக் காரணம் கதை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற ஒரே ஒரு பக்கம். மேலே "உண்மை" என்று தலைப்புப் போட்டு, பிரயரி ஆஃப் சீயோன் என்ற ரகசியச் சங்கம் 1099இல் தொடங்கப்பட்ட நிஜமான அமைப்பு என்றும், நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், ரகசியச் சடங்கு பற்றிய வர்ணனைகள் எல்லாம் துல்லியமானவை என்றும் அச்சடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பாத்திரம் எதைச் சொன்னாலும் படிக்கிறவர் அதை வரலாறாகத்தான் எடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

அந்தச் சங்கத்தின் கதையைக் கேளுங்கள். அது 1956இல் பியர் பிளான்டார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அரசு அலுவலகத்தில் பதிவு செய்த ஒரு சிறிய சங்கம். அவர்கள் நடத்திய பத்திரிகை குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் இருப்பவர்களின் உரிமைக்காக எழுதியது. பெயர் எருசலேமிலிருந்து வரவில்லை, அவர்கள் சங்கம் நடத்திய ஊர்ப் பக்கம் உள்ள சீயோன் என்ற குன்றிலிருந்து வந்தது. 1960களில் தட்டச்சு செய்த தாள்களைக் கட்டி, லியோனார்டோவும் நியூட்டனும் எங்கள் தலைவர்கள் என்று பட்டியல் போட்டு, பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 1993இல் ஒரு விசாரணை நீதிபதி முன்னால், எல்லாம் புனைந்ததுதான் என்று பிளான்டார்ட் ஒப்புக்கொண்டார். நாவல் வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து.

நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் பற்றி நாவல் சொல்வதும் அப்படியே. 325இல் ஆயர்கள் கூடி, நெருக்கமான ஓட்டெடுப்பில் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்று நாவலில் ஒருவர் சொல்வார். அங்கே நடந்தது ஆரியுஸ் என்ற குருவின் போதனை பற்றிய விவாதம். இயேசு தந்தையோடு எந்த விதத்தில் சமம் என்பதுதான் கேள்வி. கடைசியில் கையெழுத்திட மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டே ஆயர்கள். எந்தெந்த நற்செய்தி பைபிளில் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் முடிவு செய்யவும் இல்லை. சூனியக்காரிகள் என்று சபை 50 லட்சம் பெண்களை எரித்தது என்று இன்னொரு இடத்தில் வரும். வரலாற்று ஆய்வாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை, அதிலும் பெரும்பகுதி ஊர் நீதிமன்றங்கள் விதித்த தண்டனை. நாற்பதாயிரம் உயிரும் பெரும் கொடுமைதான், அதை நான் சின்னதாக்கவில்லை. செத்தவர்கள் கணக்கிலாவது உண்மை வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இளையோர் குழுவில் ஒரு பெண், கல்லூரியில் முதல் வருடம். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் இந்த நாவலைக் கையில் கொண்டுவந்தாள். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. "அக்கா, மகதலா மரியா இயேசுவோட மனைவியாமே. நீங்க ஏன் இதெல்லாம் எங்களுக்குச் சொல்லவே இல்லை?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் பிடுங்காத குறை. கோயில் வளாகத்துக்குள் இதைக் கொண்டுவரலாமா என்று சத்தம் போட்டார். அவர் அதைப் படித்ததில்லை, அவரே சொன்னார். பெண்ணின் முகம் இறுகிவிட்டது. சத்தம் போட்டால் பிள்ளைகள் "அப்ப நிஜமாவே எதையோ மறைக்கிறாங்க" என்றுதானே நினைப்பார்கள்?

நான் அவளைக் கோயில் திண்ணையில் உட்கார வைத்து பைபிளை அவள் கையிலேயே கொடுத்தேன். லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் காலடியில் அழுகிற பாவியான பெண் வருகிறாள். பெயர் இருக்கிறதா பார் என்றேன். இல்லை. 8ஆம் அதிகாரத்தில் மகதலா மரியா வருகிறார், ஏழு பேய்கள் நீங்கியவர், தம் உடைமையால் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவி செய்த பெண்களில் ஒருவர். விலைமாது என்று எங்காவது இருக்கிறதா பார் என்றேன். இல்லை. "அப்ப அவங்களை அப்படிச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். 591இல் போப் பெரிய கிரகோரியார் ஒரு மறையுரையில் பெயர் தெரியாத அந்தப் பாவியையும் பெத்தானியா மரியாவையும் மகதலா மரியாவையும் ஒரே ஆளாக்கிவிட்டார். மேற்குச் சபை அதைப் பிடித்துக்கொண்டது. கிழக்குச் சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் ரோம் அதை விட்டது. 2016இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22ஐ வெறும் நினைவு என்பதிலிருந்து விழாவாக உயர்த்தினார், திருத்தூதர்களுக்கு இருப்பதுபோல. நாவலைப் படித்தபோது வராத கோபம் அந்தப் பெண்ணுக்கு இதைக் கேட்டபோது வந்தது. வர வேண்டியதுதான். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது தவக்காலத்துக்குத் தவக்காலம் அவரை விலைமாது என்றுதான் கேட்டு வளர்ந்தேன். இன்றைக்கும் சில மறையுரைகளில் அது வருகிறது.

இங்கேதான் நாவல் மேல் எனக்கு உண்மையான குறை. மரியாவுக்கு மரியாதை தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவரை ஒரு மனைவியாகவும் ஒரு வம்சத்தைச் சுமந்த கருப்பையாகவும் ஆக்கிவிடுகிறது. இறுதி இராவுணவில் இயேசு பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணமே அவர்தான் என்கிறது. யோவான் 20ஐப் படித்துப் பாருங்கள். சீடர்கள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர் மட்டும் கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறார். தோட்டக்காரர் என்று நினைத்தவர் "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடையாளம் தெரிகிறது. உயிர்ப்பை முதலில் போய்ச் சொன்னவர் அவர். ஒரு பெண்ணின் பெருமைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்று சொன்னால்தான் அவருக்கு மதிப்பா?

பைபிளில் சேராத பிலிப்பு நற்செய்தியில் இயேசு மரியாவுக்கு முத்தம் கொடுத்ததாக இருக்கிறதே என்று கேட்பார்கள். 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் அது உண்டு. அந்த வரியில், எங்கே முத்தமிட்டார் என்கிற இடத்தில் சுவடி சிதைந்து ஓட்டையாக இருக்கிறது. வாய் என்று நாவல் அடித்துச் சொல்கிறது. கன்னமோ நெற்றியோ, யாருக்கும் தெரியாது.

"நீ சபைக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்கள் மேலே 591 பற்றி எழுதியதை மறுபடி படிக்கவும். "நீ இறையியல் படித்தவளா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு, இல்லை, ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள், கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியதற்காகத் தேடிப் படித்தவள். "கதைதானே, ஏன் இவ்வளவு ஆவேசம்" என்கிறவர்களுக்கும் ஒன்று. நாவலில் வரும் கொலைகாரத் துறவி சைலாஸை உடலில் நிறமி இல்லாதவராகக் காட்டியிருக்கிறார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை எழுத்து தெரியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். அந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை இப்படித்தான் இருக்கும். கதையில் அவர் ராத்திரியில் கார் ஓட்டுகிறார், குறி தப்பாமல் சுடுகிறார். வில்லன் என்றால் இந்த நிறம் என்று அந்தப் பையன் இன்னும் எத்தனை இடத்தில் பார்க்க வேண்டும்? கதைதானே என்று அவனிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது, உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இந்த மாதிரிப் புத்தகத்தால் விசுவாசத்தை இழக்கிறார்கள் என்று கூட்டத்தில் புலம்புகிற பெற்றோர்தான் ஞாயிறு காலை மறைக்கல்வி நேரத்தில் பிள்ளையை நீட் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பாதி பெஞ்ச் காலியாக இருக்கும் வகுப்பில் நிசேயாவைப் பற்றி யாருக்குச் சொல்வது? கேள்வி கேட்க வந்த அந்தப் பெண் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம்.

தடை போட்டால் தீருமா என்றால், அதையும் பார்த்தாகிவிட்டது. 2006இல் படம் வந்தபோது தணிக்கை வாரியம் ஏ சான்றிதழ் கொடுத்து, இது கற்பனை என்ற அறிவிப்பையும் போட வைத்தது. அப்படியும் தமிழக அரசு தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்தக் கூச்சலில் புத்தகத்தின் பெயரே தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

நீங்கள் படிப்பதானால் முன்னால் இருக்கும் அந்த "உண்மை" பக்கத்தைத் தாண்டிப் போய்க் கதையைக் கதையாகப் படியுங்கள். லியோனார்டோ ஓவியங்களைப் பற்றி வரும்போது அந்தந்தப் படத்தைப் பெரிதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதி இராவுணவில் இயேசுவுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெண் மாதிரிதானே இருக்கிறார் என்று தோன்றும். அந்தக் கால ஓவியர்கள் யோவானைத் தாடியில்லாத இளைஞராகத்தான் வரைவார்கள், மற்றவர்கள் வரைந்த இராவுணவுகளையும் தேடிப் பாருங்கள். நேரம் இல்லை, படம் மட்டும் பார்க்கிறேன் என்றால் அதுவும் சரி. படத்தில் டாம் ஹாங்ஸ் நடித்த கதாநாயகன் லாங்டன், நாவலில் தலையாட்டிய சில இடங்களில் மறுத்துப் பேசுகிறார். ஆனால் வேகம் குறைவு. புதிர் விடுவிக்கிற சுகத்துக்குப் புத்தகம்தான்.