நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்றால் என்ன? அந்தத் துறையில் சேர எப்படித் தயாராவது?

ஒரு ஊரில் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, எதைக் காலியாக விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் இது. கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவறைக் குழி தோண்ட மாட்டோம் இல்லையா? அதே யோசனைதான், ஊர் அளவில்.

ஏன் தேவை? பெங்களூரையே பாருங்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியில். இங்கே ஏரிகளை ராஜகாலுவே என்ற கால்வாய்கள் கோத்திருக்கின்றன. மேல் ஏரி நிரம்பினால் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் கட்டடம் எழுந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். நிலம் ஒருவர் பெயரில் இருக்கலாம், அதில் செய்வது தெருவையே தொடும்.

சரி, படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்கள் ஜேஇஇ மெயின் தேர்வில் 2பி தாள் எழுதி, 4 ஆண்டு பி.பிளான் (திட்டமிடல் இளங்கலைப் படிப்பு) சேரலாம். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்லூரிகள் முக்கியமானவை. அதற்கு முன்பே, எந்த நிலம் எதற்கு என்று காட்டும் மாஸ்டர் பிளான் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கால்வாய் ஓரமாக ஒருமுறை நடந்து பாருங்கள். அவ்வளவு கற்றுத்தரும்.

சிவில், ஆர்க்கிடெக்சர் படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, புவியியல், பொருளியல், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல கல்லூரிகள் எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுகலைப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன.