நூலகங்களிலும் அருங்காட்சியக நூலகங்களிலும் நீங்கள் அறிந்த, யாரும் எதிர்பார்க்காத பொக்கிஷம் எது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பட்டணத்தை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்து வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில், மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பலமுறை சுற்றி வந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து மனிதர்களின் பெயரையோ பேச்சையோ கல்லில் காண முடியவில்லை. கடாரத்து அரசர் ஒருவரின் பெயரைத் தமிழ் எழுத்தில் தாங்கிய ஆவணம் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலமாகப் பாதுகாக்கப்பட்டு வந்ததை முப்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன். ஆகவே என் பதில், ஆனைமங்கலச் செப்பேடுகள்.

நூலகம் என்றதும் நாம் தாளையும் ஓலையையும் நினைக்கிறோம். இதுவோ 21 செப்பேடுகளைச் சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்த, ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள ஆவணம். 5 ஏடுகள் வடமொழியில், 16 ஏடுகள் தமிழில். கடாரம் என்பது இன்றைய கெடாவே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அந்தக் கடாரத்து அரையன் சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரத்துக்கு, முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. விகாரத்தை எடுப்பித்தவர் சூளாமணிவர்மனின் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன்.

தந்தையின் ஆணையைச் செம்பில் பொறிக்கச் செய்தவன் இராஜேந்திரன். அதே இராஜேந்திரன்தான் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரத்தின் மீது படை அனுப்பினான். பள்ளிப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது அந்தப் படையெடுப்பு மட்டும்தான். கொடையையும் அதோடு சேர்த்துச் சொல்லியிருந்தால், சோழருக்கும் எங்கள் மண்ணுக்கும் இருந்த உறவை வெறும் வெற்றி தோல்வியாக நாங்கள் புரிந்துகொண்டிருக்க மாட்டோம். அந்த உறவு படையெடுப்போடு முடிந்துவிடவுமில்லை. லெய்டனிலேயே இருந்த 3 சிறிய ஏடுகள் முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்டுக்கொண்டதற்கிணங்க, விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததை அவை பதிவு செய்கின்றன.

எனினும் அரசர்களைக் காட்டிலும் என்னை ஈர்த்தது நிலக்கணக்கே. வேலி என்னும் பழைய நில அளவில் ஏறத்தாழ 97 வேலி நிலம், அதன் நெல் வருவாய் கலம், தூணி, குறுணி, நாழி என்னும் முகத்தலளவைகளில் நாழிக்கணக்கு வரை எழுதப்பட்டிருக்கிறது. பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியையே எல்லையாகக் கொள்ளும் சடங்கும் அதில் வருகிறது. எந்த ஊருக்கு மேற்கு, எந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று எல்லைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அரசனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியைப் புலவர் எழுதிவிடலாம், ஆனால் வாய்க்காலின் பெயர் அந்த மண்ணில் நின்றவருக்கே தெரியும். அதனால் அந்தப் பகுதியைத்தான் உண்மையான பொக்கிஷம் என்பேன்.

அருங்காட்சியக நூலகம் என்று கேட்டதால் மற்றொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1973 வரை பிரிட்டிஷ் மியூசியத்தின் பகுதியாகவே இருந்த நூலகத்தின் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர்கள் எல்.டி. பார்னெட்டும் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப்பும். பெரிய இலக்கியங்களோடு, சந்தையில் சில்லறைக்கு விற்ற சிந்து, கும்மிப் புத்தகங்களும் அங்கே சேர்ந்திருந்தன. அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று இந்தியாவில் 1867இலும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களில் 1886இலும் வந்த சட்டங்களே அதற்கு வழி செய்தன. ஆட்சியாளர் கண்காணிப்புக்காகக் கேட்டு வாங்கிய பிரதிகள், நம் வீடுகளில் கறையான் தின்ற பிறகும் அங்கே பிழைத்திருக்கின்றன.

இதையெல்லாம் படித்த பிறகுதான் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த ஒரு பொருளின் மதிப்பு எனக்குப் புரிந்தது. எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, ஆபீசிலிருந்த பழைய பதிவேடுகள் அனைத்தையும் பின்புறத்தில் குவித்து எரித்துவிட்டார்கள். அங்கே கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் மாமா செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகம் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர்களின் பெயர்களும், அவர்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த நாள்களும், மழையால் வேலை நின்ற நாள்களும் அதில் இருக்கின்றன. என் பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தப் புத்தகம்தான். தாள்கள் இப்போது ஓரங்களில் உதிரத் தொடங்கிவிட்டன. இத்தகைய தோட்டப் பதிவேடுகளை ஏற்றுப் பாதுகாக்கும் நூலகமோ அருங்காட்சியகமோ கெடாவிலோ பினாங்கிலோ இருப்பதாக அறிந்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதினால், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.