காசிமேட்டில் செர்ரிப் பூ எதற்கு? ஹைக்கூ கேள்வி பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி): ஐயா, ஹைக்கூங்கிற ஜப்பானிய மூன்றடிக் கவிதையில் அடிக்கு 5-7-5 என்ற எண்ணிக்கை கட்டாயமா? எண்ணி எண்ணியே கவிதை ஓடிப்போயிடுது.

பதில்: கட்டாயம் இல்லம்மா. ஜப்பானியர் எண்ணுவது ஒலி அளவை. நெடிலுக்கு இரண்டு, 'டோக்கியோ' அவர்கள் கணக்கில் 4. நம் மாத்திரை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு 'ன்' முழுசாக ஒன்று. எழுத்தெண்ணிப் பொருத்த முடியாது. மூன்று அடி, சொற்சிக்கனம், போதும்.

கேள்வி (வியாசர்பாடி): தமிழுக்கு எப்போது வந்தது?

பதில்: 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' பற்றி எழுதினார். தனித் தொகுப்பு வர 1984 ஆகிவிட்டது: அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்'.

கேள்வி (காசிமேடு): எங்க ஊர்ல செர்ரிப் பூவும் இல்ல, பனியும் கொட்டாது. ஹைக்கூல பருவத்தைக் காட்டுற ஒரு சொல் வேணும்கிறாங்களே, அந்தப் பருவச் சொல்லுக்கு எங்க போறது? ஒண்ணு எழுதியிருக்கேன்:

வறுமை வாட்டும் தடைக்காலம்
மீனவன் கண்ணீரில்
உப்பானது கடல்

பதில்: தம்பி, பருவம் உங்க வாசல்லயே நிக்குது. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 'தடைக்காலம்' என்றதுமே கத்திரி வெயில், கட்டிக்கிடக்கும் விசைப்படகு, எகிறிப்போன வஞ்சிரம் விலை எல்லாம் கூடவே வந்துவிடும். ஜப்பானியர் 'கிகோ' என்பது இதைத்தான். கார், கூதிர் என்று மழையும் குளிரும் வைத்துப் பாடிய நம் சங்கப் புலவர் வழி வந்தவர்களுக்கு இது புதுசா என்ன?

ஆனால் 'வறுமை', 'கண்ணீர்' இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவை படிப்பவர் மனசில் எழ வேண்டியவை. அந்த நாட்களில் கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஐஸ் பெட்டிக்குள்ள பூனை படுத்திருக்கும் என்றீர்கள். கவிதை அங்கேதான் இருக்கிறது:

தடைக்காலம்
காலி ஐஸ் பெட்டிக்குள்
பூனை தூங்குகிறது

மெய்யை விட்டு எண்ணினால் 4, 6, 7. இருக்கட்டும். முதல் அடி முடிந்ததும் ஒரு கணம் நின்று படியுங்கள். அந்த நிறுத்தத்துக்கு ஜப்பானியில் 'கிரேஜி' என்று வெட்டுச்சொல்லே உண்டு. நமக்கு அடி முறிவு அந்த வேலையைச் செய்கிறது.

கேள்வி (பெரம்பூர்): கடைசி அடியில் அதிர்ச்சி வேண்டும் என்கிறார்களே?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணே. விடுகதைக்கு விடை மாதிரி முடிந்தால் இரண்டாம் தரம் படிக்க எதுவும் மிஞ்சாது. மனிதரைக் கிண்டல் பண்ணத்தான் ஆசை என்றால் சென்ரியு எழுதுங்கள். அதுவும் மூன்றடிதான், பருவச் சொல் தேவையில்லை.

கேள்வி (எண்ணூர்): தலைப்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது நாலாவது அடியாகிவிடும்.