மன அழுத்த ஆப் செய்யப் போகிறீர்களா? புள்ளி வந்த பிறகு என்ன என்பதை முதலில் எழுதுங்கள்

கேள்வி: "மட்டக்களப்பில் கணினித்துறை இறுதி வருட மாணவி. மக்கள் தங்கள் மன அழுத்தத்தை அளந்து பார்த்து, அதைச் சமாளிக்கவும் உதவும் ஒரு வெப் ஆப்பை என் புரொஜெக்டாகச் செய்ய விருப்பம். எந்தக் கேள்வித்தாளை எடுப்பது? ஏஐ சாட்பாட் சேர்க்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?"

நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் தங்கச்சி. எனக்குக் களுவாஞ்சிகுடி, வெப்சைட் செய்வதுதான் தொழில். எங்கள் பக்கத்துப் பெண்கள் சங்கங்களுக்காக ஓர் உளவளத்துணையாளரோடு சேர்ந்து இப்படி ஒரு சிறிய ஆப் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புள்ளி வந்த பிறகு அந்த ஆளுக்கு எதைக் காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கேள்வித்தாள், டேட்டாபேஸ், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

எங்கள் ஆப்பைத் தொடங்கும் முன், இணையத்தில் கிடக்கும் இலவசச் சோதனைகளை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சங்கக் கூட்டத்தில் ஒரு மாமி எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் அழுத்தினார். கடைசியில் சிவப்பு வட்டம் ஒன்று வந்தது. நடுவில் 'உயர் மன அழுத்தம்'. அதற்குக் கீழே 'மீண்டும் செய்' என்ற பட்டன் மட்டும்தான். போனைப் பிடித்தபடியே, "தம்பி, எனக்கு வருத்தம் கூடிட்டா?" என்று கேட்டார். எங்கட பேச்சில் வருத்தம் என்றால் நோய். மகன் கட்டாரில், தலையில் நுண்கடன், வயலில் வெள்ளம். தனக்கு அழுத்தம் இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்தத் திரை புதிதாகக் கொடுத்தது பயம் ஒன்றைத்தான். அன்றைக்கு உளவளத்துணையாளர் பக்கத்தில் இருந்து பேசினார். இரவு எல்லாரும் நித்திரையான பிறகு தனியாக அதைப் பார்க்கிறவருக்கு யார் பேசுவார்கள்?

சரி, கேள்வித்தாளுக்கு வருகிறேன். நீங்களாக ஒன்றை உருவாக்க வேண்டாம். 1983இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல் உலகமெங்கும் பயன்படுகிறது, பிஎஸ்எஸ் என்பார்கள். அதன் 10 கேள்வி வடிவம் உங்களுக்குப் போதும். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும், ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் 'சமாளிக்க முடிந்ததா' என்ற பக்கத்திலிருந்து கேட்பவை. அவற்றின் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும்: 0 வந்தால் 4, 1 வந்தால் 3. கோட் சரியா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் 0 அழுத்தினால் 16 வர வேண்டும், எல்லாவற்றுக்கும் 4 அழுத்தினால் 24 வர வேண்டும். 0ம் 40ம் வந்தால் திருப்பும் வேலை நடக்கவில்லை.

0–13 குறைவு, 14–26 நடுத்தரம், 27–40 உயர்வு என்ற பிரிப்பை இணையத்தில் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது கோஹன் வகுத்தது இல்லை. இது நோயைக் கண்டறியும் கருவி அல்ல, ஆகவே எல்லைப் புள்ளிகளும் கிடையாது என்பதுதான் அவர் தரப்பின் நிலை. அதனால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்காதீர்கள். ஒருவர் விரும்பினால் அவருடைய போன மாதப் புள்ளியோடு இந்த மாதப் புள்ளியை ஒப்பிட்டுக் காட்டலாம்.

டாஸ்-21 என்று இன்னொன்று உண்டு. 1995இல் அவுஸ்திரேலியாவில் லொவிபொண்ட் என்ற பெயருடைய இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. கடந்த ஒரு கிழமையைப் பற்றியது. 21 கேள்விகளில் 7 மன அழுத்தத்துக்கானவை, அவற்றின் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்க வேண்டும். நல்ல கருவிதான். ஆனால் மனச்சோர்வையும் சேர்த்து அளக்கும், கடைசிக் கேள்வி வாழ்க்கை அர்த்தமற்றதாகத் தோன்றியதா என்பதைத் தொடும். ஒருவரிடம் அதைக் கேட்டுவிட்டு 'நன்றி' என்று மூட முடியாது. மாணவி ஒருவர் தனியாகச் செய்யும் முதல் ஆப்புக்கு பிஎஸ்எஸ்-ஐயே எடுங்கள். எதை எடுத்தாலும் ஆய்வில் பரிசோதித்த தமிழ் வடிவத்தை மேற்பார்வையாளர் மூலம் தேடிப் பெறுங்கள். சொந்தமாக மாற்றி எழுதினால் அளவுகோலே மாறிவிடும். வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்காகக் கேள்விகளை எங்கட ஊர்ப் பேச்சுக் குரலில் பதிந்து ஒரு ஒலிப் பட்டனும் வையுங்கள்.

இப்போது, புள்ளி வந்த பிறகு காட்டும் அந்தப் பக்கம். எங்களுடையதில் புள்ளிக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி வரும்: "போன மாதம் உங்களுக்குப் பாரமாக இருந்திருக்கிறது. இதை வருத்தம் என்று எடுக்க வேண்டாம். முதலில் இரண்டு நிமிடம் மூச்சைக் கவனிப்போம்." அடுத்து விரிந்து சுருங்கும் ஒரு வட்டம். 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். படபடப்போடு இருப்பவருக்கு அந்த மாற்றம் தெரியலாம். அதற்குப் பிறகுதான் கேட்போம்: எது கூடப் பாரமாக இருக்கிறது? கடன், வயல் அல்லது கடல் தொழில், பிள்ளையின் பரீட்சை, வெளிநாட்டில் இருக்கும் ஆள், வீட்டுச் சண்டை, இழந்தவர்களின் நினைவு, சொல்ல விருப்பமில்லை.

இந்தப் பிரிப்பில் நேரம் செலவழியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பார்த்தார்கள்: பிரச்சினையையே கையாள்வது, பிரச்சினை தரும் உணர்ச்சியைக் கையாள்வது. கிழமைதோறும் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றால், மூச்சுப் பயிற்சி அந்தத் தவணையைக் குறைக்காது. அங்கே ஆப் உதவ வேண்டியது பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரிக்க: மொத்தம் எவ்வளவு, எது முதலில், இந்தக் கிழமை யாரிடம் பேசலாம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, 5 அமர்வுகள் கொண்ட 'பிரச்சினை முகாமை பிளஸ்' பயிற்சியில் இந்த முறை இருக்கிறது, அதை வாசியுங்கள். மறுபக்கம், சுனாமி வந்த நாளான டிசம்பர் 26 நெருங்கும்போது நாவலடியிலோ மருதமுனையிலோ நித்திரை குழம்புகிறவருக்குத் திட்டம் போட ஒன்றுமில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். ஆப் அந்த மனிதரிடம் போகும் வழியைக் காட்ட வேண்டும்.

அதனால் உதவிப் பக்கத்தை ஆப்பின் மூலையில் ஒளிக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எல்லாப் பக்கத்திலும் தொட்டால் அழைப்புப் போகும் பட்டனாக நிற்கட்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்களுக்குக் கல்முனை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகளில் விசாரித்து எழுதுங்கள். 'வைத்தியரை நாடவும்' என்ற வரி யாரையும் நகர்த்தாது. கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்குப் போய் நம்பர் எடுப்பது, எந்த வாசல் என்று எழுதியிருந்தால் ஆள் எழும்பிப் போவார். இவற்றை நேரில் போய்க் கேட்டு எழுதி, அவ்வப்போது சரிபாருங்கள்.

இன்னொரு விஷயம், இங்கே உள்ள ஆப் செய்பவர்கள் பலரும் கவனிக்காதது. எங்கட பக்கத்தில் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். பகலில் பிள்ளையின் வாட்ஸ்அப் வகுப்புக்கு, இரவில் தகப்பனுக்கு. அந்தப் போனில்தான் ஒரு பெண் தன் மனதைப் பற்றிப் பதில் எழுதப் போகிறார். ஆகவே லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். அந்த எஸ்எம்எஸ் யார் கண்ணில் படும் என்று உங்களுக்குத் தெரியாது. நினைவூட்டும் நோட்டிஃபிகேஷனும் வேண்டாம். கணக்கை பிரவுசருக்குள்ளேயே செய்து, பதில்களை சேவருக்கு அனுப்பாமல் விடுங்கள். போனில் சேமிப்பதைக்கூட அவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். தலைப்பில் 'மனநலம்' என்று போடாமல் சாதாரணப் பெயர் ஒன்று வையுங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே முகவரியில் திறந்தால், பின்னால் போகும் பட்டனை அழுத்துகிறவருக்குப் பழைய பதில்கள் தெரியாது. உடனே வெளியேறும் பட்டன் ஒன்று மேலே இருக்கட்டும்.

இப்படிச் செய்தால் சட்டப் பக்கமும் இலகுவாகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனம் வேண்டிய வகையில் வைக்கிறது. நீங்கள் சேகரிக்காத தரவை யாரும் திருட முடியாது, கசியவும் வழியில்லை. ஆனால் ஆய்வுக்காக ஆட்களிடம் கொடுக்கும் முன் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம் எடுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

ஏஐ சாட்பாட் வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு வைத்திருந்த சாட்பாட், அவர்களுக்கே எடை குறைக்கும் ஆலோசனை சொல்லத் தொடங்கி நிறுத்தப்பட்டது. பணமும் நிபுணர்களும் இருந்த இடத்திலேயே அது நடந்தது. உயிரை விடும் எண்ணத்தோடு ஒருவர் நள்ளிரவில் தமிழில், அதுவும் எங்கட பேச்சில் எழுதினால், அந்த பாட் என்ன சொல்லும் என்று உங்களால் உறுதி கொடுக்க முடியாது. உளவளத்துணையாளர் ஒருவர் வாசித்துத் திருத்திய, நிலையான வரிகள் போதும்.

தொழில்நுட்பம் சின்ன விஷயம். சாதாரண எச்டிஎம்எல், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்க ஒரு சர்வீஸ் வேர்க்கர். வெப் ஃபொண்ட் இறக்கி டேட்டாவைத் தின்ன வைக்காமல் போனில் இருக்கும் தமிழ் எழுத்தையே பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பட்டன் இரண்டு வரியாக விரிய இடம் விடுங்கள்.

அப்புறம், வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் 'உங்கள் ஆப் அழுத்தத்தைக் குறைத்ததா' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல், சில கிழமைகளில் அதை யாராலும் காட்ட முடியாது, அப்படியே சொல்லுங்கள். நீங்கள் அளக்கக்கூடியவை இரண்டு: முடிவுப் பக்கத்தைப் பார்த்தவருக்குப் பயம் கூடியதா, அடுத்து எங்கே போவது என்று விளங்கியதா. கல்லடியில் சிலர், வந்தாறுமூலையில் சிலர், படுவான்கரையில் சிலர் என்று பக்கத்தில் இருந்து பார்த்து, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.